டில்லியா, ஹாலந்தா

12 ஜூன் 2002, புதன்

வெயில். அக்கினி நட்சத்திரம் முடிந்து இத்தனை நாள் ஆகியும் மலைக்குச் சேதி போகவில்லை போலிருக்கிறது. சைக்கிள் சீட்டில் உட்கார முடியவில்லை. நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் மோட்டார் மறுபடி மக்கர். மாடி அறைக்காரர்கள் பக்கெட்டோடு கீழே வரிசை. வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றால் மட்டும் சண்டை வருவதில்லை, ஏனோ.

மதியம் ரிஜிஸ்தர் தபால். டில்லி. எம்.ஏ., சர்வதேச உறவுகள். இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம். ஹாஸ்டல் உண்டு.

போன மாதம் ஹாலந்திலிருந்து மெயில் வந்தபோது பிரவுசிங் சென்டரில் கத்தியே விட்டேன். பக்கத்து சிஸ்டத்துப் பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அதுவும் இதே படிப்புதான். ஒரு வருடம். கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கும் அவர்களே. அன்று அப்படிக் குதித்தவள், இன்று டில்லிக் கடிதத்தைப் படித்ததும் ரிசப்ஷன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு கிடைத்தால் தலைவலி.

இரண்டு பேருக்கும் 28-க்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வருடம் விட்டால் விட்டதுதான். அத்தை போன் செய்யும்போதெல்லாம் போளூர் வரன் ஒன்றைப் பற்றிப் பேசுகிறாள். அடுத்த ஜூனில் நான் யார் வீட்டில் இருப்பேனோ.

சாயங்காலம் நைனா நிலத்திலிருந்து வந்ததும் சொன்னேன். கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டும் ஒரே படிப்புதானா?"

"ஆமா நைனா. நாடும் நாடும் எப்படிப் பேசிக்குது, ஏன் சண்ட போட்டுக்குதுன்னு."

"சண்ட போடறதுக்குக் கூடப் படிப்பு வந்துட்டுதா? நம்ம ஊர்ல சும்மாவே போட்றானுங்க."

அம்மா சிரிக்கவில்லை. "ஹாலந்து எங்க கீது?" என்று மட்டும் கேட்டாள். பழைய ஸ்கூல் அட்லஸை எடுத்துக் காட்டினேன். விரலை வைத்தாள். நாடு விரலுக்கு அடியில் மறைந்துவிட்டது. "இம்மாத்தூண்டா?" என்றாள்.

இனி இதில் டெல்லிக்கு டெ., ஹாலந்துக்கு ஹா. என்றே எழுதுவதாக உத்தேசம்.


13 வியாழன்

பகலில் அறைகள் காலியாகிக்கொண்டே இருக்கின்றன. எல்லையில் பட்டாளம் எதிரும் புதிருமாக நிற்கிறது, யுத்தம் வரலாம் என்று எல்லா எம்பஸிக்காரர்களும் தங்கள் ஆட்களைக் கிளம்பி வரச் சொல்கிறார்கள். எங்கள் முதலாளி தலையில் கை. "எங்கியோ காஷ்மீர்ல மொறைச்சுக்கினா எனக்கு இன்னாத்துக்கு ரூம் காலியாவணும்?" என்று டிவியைப் பார்த்துத் திட்டுகிறார். நான் படிக்கப் போவதே இதைத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்லீனுக்கும் கிளம்பச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. 6-ம் நம்பர் அறை. ஹாலந்துக்காரி. ஹா. படிப்பைப் பற்றி எனக்கு முதலில் சொன்னதே இவள்தான். அவர்கள் ஊர் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவள். அதை உதறிவிட்டு இங்கே வந்து தினமும் காலையில் ஆசிரமத்து ஹாலில் கண்ணை மூடி உட்காருகிறாள். நான் நுழையத் துடிக்கிற வாசலிலிருந்து ஓடி வந்தவள்.

எது நல்லது என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாக, குழப்பம் யாருக்கு என்று பார் என்றாள்.

எனக்குத்தான்! வேறு யாருக்கு!

வந்து ஆறு மாதத்தில் இவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

டெ. நல்லது: நம் நாடு. இரண்டு வருடம், ஆழமாகப் படிக்கலாம். தெற்காசியா முழுக்கப் பாடத்தில் இருக்கிறது. ரயில்.
டெ. கெட்டது: ஹிந்தி. ஹிந்தி. குளிர் கொஞ்சம். ஹிந்தி.
ஹா. நல்லது: சர்வதேசக் கோர்ட்டு இருக்கிற ஊர். அகதிகள் சட்டம் தனிப் பேப்பர். ஒரே வருடம். விமானம்!!
ஹா. கெட்டது: குளிர் ஜாஸ்தி. ஒரு வருடத்தில் என்ன படித்துக் கிழிக்க முடியும்? பச்சை மிளகாய்?

எழுதி முடித்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் சாயவில்லை. கிழித்துவிடலாமென்று தோன்றியது. கிழிக்கவில்லை.


15 சனி

ஆனி பிறந்தது. சாரல் மாதிரி ஒன்று, மண் நனையும் முன்பே நின்றுவிட்டது.

அகதிகள் முகாமுக்குப் போனேன். சுகந்தியைப் பார்த்து மூன்று வாரம். காலேஜில் மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். என்னைவிட மார்க் அதிகம், இங்கிலீஷ் என்னைவிட நூறு மடங்கு. டெ., ஹா. இரண்டுக்கும் நான் எழுதிய கட்டுரையைத் திருத்தியது அவள்தான். அவளால் விண்ணப்பிக்க முடியவில்லை. பாஸ்போர்ட் கிடையாது. எட்டு, ஒன்பது வயதில் படகில் வந்தவள். இப்போதும் முகாம் கணக்கெடுக்கும் நாளில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

அவள் அம்மா என்னைப் பார்த்ததும், "வா பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியே?" சுகந்தி என்னிடம் எங்கள் ஊர்த் தமிழ், அடுத்த மூச்சில் அம்மாவிடம், "அம்மா, நான் கொஞ்சம் வெளியில போயிட்டு வாறன்." எப்படித்தான் மாற்றுகிறாளோ. என்னால் டில்லியில் இப்படி மாற முடியுமா?

அவர்கள் வீட்டிலும் குழப்பம். அங்கே இப்போது சண்டை நிறுத்தம். அவள் அப்பா திரும்பிப் போகலாம் என்கிறார். அம்மா இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறாள். "எங்க போனாலும் வீடு இல்ல. எதுக்கு அவசரம்னு அம்மா கேக்குது," என்றாள் சுகந்தி.

"நீ இன்னா சொல்ற?"

"என்னை யாரும் கேக்கல. உன்னை ரெண்டு நாடு கேக்குது. அழாத."

நான் அழவில்லை. அழுகிற மாதிரி முகம் இருந்திருக்க வேண்டும்.

சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.


17 திங்கள்

காலையில் எழும்போது டெ. பல் தேய்க்கும்போதும் டெ. சைக்கிளில் செங்கம் ரோடு ஏறியதும் ஹா. மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போது ஹா.வில் தயிர் கிடைக்குமா என்று யோசித்து மறுபடி டெ. வெட்கமாக இருக்கிறது. நாட்டின் பெரிய முடிவுகளை எடுக்கிறவர்களும் தயிரை நினைத்துத்தான் எடுப்பார்களோ?

ராத்திரிச் சாப்பாட்டின் போது சண்டை.

அம்மா: "அங்க ஜுரம் வந்தா யாரு கஞ்சி வச்சுக் குடுப்பா?"

நான்: "இங்க ஜுரம் வந்தாலே நீ கஷாயம்தான் குடுக்கற."

அம்மா: "வாய் மட்டும் கொறச்சல் இல்ல. டில்லின்னாலாவது கிட்டக்க. ரயில் ஏறினா வந்துடலாம். அந்த ஊர்ல இருந்து எப்படி வருவ? கடல்ல நீந்தியா?"

நைனா சின்ன வயசில் நெல் லாரியோடு டில்லிப் பக்கம் ஒரு முறை போனவர். "அங்க ஹிந்தில திட்டுவான் தேனு. திட்டறானா விசாரிக்கறானான்னே தெரியாது. நான் எல்லாத்துக்கும் சிரிச்சுக்கினே நின்னேன். ஒருத்தன் அடிக்கவே வந்துட்டான்."

கடைசியில் என்னைப் பார்த்து, "உன் இஷ்டம்," என்றார்.

இதைவிட 'போகாதே' என்றால் எதிர்த்தாவது நிற்கலாம். 'உன் இஷ்டம்' என்றால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? நைனா மீது கோபம் கோபமாக வந்தது. அவர் இலையில் கடைசி உருண்டையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தேன்.


19 புதன்

மோட்டார் சரியாயிற்று. 4-ம் நம்பர், 9-ம் நம்பர் காலி.

அம்மா இன்று ஒரு யோசனை சொன்னாள். பூ கட்டிப் பார்ப்பதாம். எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில். செவ்வரளி வந்தால் ஹா., நந்தியாவட்டை வந்தால் டெ. ஒவ்வொன்றையும் தனித்தனி இலையில் மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். கிணறு வெட்ட இடம் பார்த்தது, சித்தி கல்யாணம், நைனா டிராக்டர் வாங்கலாமா என்பது, எல்லாம் இப்படித்தான் முடிவானது. டிராக்டர் வேண்டாம் என்று வந்தது. நைனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனாலும் வாங்கவில்லை. அம்மன் சொன்னால் சொன்னதுதான். ஒரே விஷயத்துக்கு இரண்டாம் தடவை கேட்கவும் கூடாது.

"நான் படிக்கப் போறது இன்னா படிப்பு, நீ சொல்றது இன்னா?" என்று கத்தினேன்.

"படிச்ச மூளைக்கு ஒரு வாரமா ஒண்ணும் தெரியலயே. ஆத்தாவைத்தான் கேளேன்."

சரி என்றுவிட்டேன்.

எழுதும்போது இன்னும் வெட்கம். ஆனால் உண்மையைச் சொன்னால், சரி என்று சொன்ன நிமிஷம் நன்றாக இருந்தது. மண்டையிலிருந்து யாரோ புல்லுக்கட்டை இறக்கிவைத்த மாதிரி. இன்று ஹாயாகத் தூங்குவேன்.

சுகந்தியிடம் சொல்லக் கூடாது. சிரிப்பாள்.


21 வெள்ளி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் குளித்து, அம்மாவின் மாம்பழக் கலர் புடவை. அம்மா முன்கூட்டியே பூவைக் கட்டித் தூக்குக் கூடையில் மூடி எடுத்து வந்தாள். என்னைத் தொட விடவில்லை, கேட்கிறவள் கட்டக் கூடாதாம். வெள்ளிக்கிழமைக் கூட்டம். நானும் நைனாவும் கம்பிக்கு வெளியே. அம்மா கூடையைப் பூசாரி கையில் கொடுத்துக் காதில் ஏதோ சொன்னாள்.

கற்பூரம். மணி. நான் அம்மன் முகத்தைப் பார்க்காமல் பூசாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டை எடுத்து வந்து நைனாவிடம் கொடுத்தார். நைனா நாரைப் பிரிக்கிறார், பிரிக்கிறார், முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தார். இலை விரிந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் இலை.

நைனா இலையைத் திருப்பிப் பார்த்தார். தரையில் குனிந்து தேடினார். "பூ எங்க?"

பூசாரி, "மடிக்கறப்ப விழுந்திருக்கும். இருங்க, மத்த ரெண்டையும் எடுத்தாறேன்," என்றார்.

மத்த ரெண்டா?

எடுத்து வந்தார். ஒன்றில் செவ்வரளி. ஒன்றில் நந்தியாவட்டை. இரண்டும் வாடக்கூட இல்லை. மூன்றாவது இலை நைனாவின் கையில் காலியாக.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நான்தான் கட்டினேன்," என்றாள். "ரெண்டுல ஒண்ணுன்னா எப்படியும் நீ போயிடுவ. எங்கியும் போக வேணாம்னு எனக்காக ஒண்ணு வச்சேன். அது வராதுன்னுதான் நெனச்சேன் தேனு. சத்தியமா வராதுன்னு நெனச்சேன்."

பூசாரி என்ன செய்வார் பாவம். "கேட்டது கேட்டாச்சும்மா. மறுபடி கேக்கக் கூடாது," என்று விபூதி கொடுத்தார்.

கோயில் வாசலிலேயே சொன்னேன், எல்லோர் காதிலும் விழ: "நீ ஜெயிச்சுட்டம்மா. சந்தோஷமா?"

வேலைக்குப் போகவில்லை. அறையில் படுத்து அழுதேன். அம்மன் மீது நம்பிக்கை இல்லாதவள் அம்மன் சொன்னதற்கு எதற்கு அழ வேண்டும்? அதுவும் தெரியவில்லை.


22 சனி

யாரும் யாரிடமும் பேசவில்லை. அம்மா இரண்டு வேளை கோயிலுக்குப் போய் வந்தாள். ஜெயித்தவள் மாதிரி இல்லை, எதையோ தொலைத்தவள் மாதிரி இருக்கிறாள். சோறு குழைந்துவிட்டது.

நைனாவுக்கு மதியச் சோறு எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். கடலை போடுவதற்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, நீங்க நம்பறீங்களா?"

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை வழித்துப் போட்டார். "நான் நம்பறேனான்றது வேற. உங்கம்மா நம்பறா. ஆத்தா சொன்னதை மீறி உன்னை அனுப்பி, உனக்கு அங்க ஒரு தலைவலி வந்தாகூட அவ உசுர வுட்டுடுவா. அவளை அழ வச்சுட்டு என்னால உன்னை ரயில் ஏத்த முடியாது. பிளேனும் ஏத்த முடியாது."

'உன் இஷ்டம்' என்று சொன்னவர்.

ஆக இப்போது டெ.யா ஹா.வா என்பதே இல்லை. போளூரா இல்லையா என்பதுதான். ஒரு வாரமாக இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடினேன்! எதையாவது ஒன்றை முதல் நாளே பிடித்துக்கொண்டிருக்கலாம். முட்டாள். முட்டாள். முட்டாள்.


24 திங்கள், பௌர்ணமி

மழை இல்லை. மேகம் உண்டு. கூட்டம் மதியத்திலிருந்தே.

பௌர்ணமி என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் கடைக்கு. கிரிவலப் பாதையில் எங்கள் நிலத்து முனையில் கீற்றுப் பந்தல். சுக்குக் காபி, சுண்டல், தண்ணீர் பாக்கெட், ஒரு பெஞ்ச். நைனா அடுப்பு, அம்மா சுண்டல், நான் டம்ளர். பேசாமல் இருப்பது இன்று சுலபம், பேசவே நேரமில்லை.

"ஏம்மா, இன்னும் எவ்ளோ தூரம்?" "பாதி வந்துட்டீங்க." எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறோம். எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

மூன்று மணிக்குச் சுகந்தியும் அவள் அம்மாவும். பகலிலேயே சுற்றி முடித்து முகாமுக்குத் திரும்ப வேண்டும், அதனால் வெயிலில் நடக்கிறார்கள். அவள் அம்மாவின் கால் வீங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார வைத்து, சுகந்தியைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பூ, இலை, எல்லாம்.

சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"சரி. பூவை வுடு. பூ கட்டறதுக்கு முன்னாடி உனக்கு எது வேணும்னு இருந்தது?"

"தெரியல."

"பொய்."

"நெசமா தெரியலடி. ஹாலந்துல அகதிகள் சட்டம் இருக்கு. உங்களைப் பத்தித்தானே. அது படிச்சா..."

"எங்களைப் பத்தி அங்க போய்ப் படிக்கப் போறியா?" சத்தம் ஏறியது. "எங்களை வரிசையில நிக்க வச்சுக் கையெழுத்து வாங்கச் சொன்னது ஹாலந்துக்காரன் இல்லடி. டில்லில உக்காந்துகினு இருக்கறவங்க. அவங்க எப்படி யோசிக்கறாங்கன்னு யாராவது போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்களேன்."

சொல்லிவிட்டு உடனே, "நான் சொன்னேன்னு போகாத. ஹாலந்து கெடச்சா நானா இருந்தா ஓடியே போயிருப்பேன்," என்றாள்.

இப்படி இரண்டையும் சொன்னால் நான் எதை எடுத்துக்கொள்வது?

போகும்போது அவள் அம்மாவுக்கு எங்கம்மா சுக்குக் காபியோடு ஒரு பொட்டலம் சுண்டலும் கட்டிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. அவர்கள் திரும்பும் முனை வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்தம்மா எத்தினி வருஷமா ஊரைப் பாக்காம கீது?" என்று என்னைக் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"பன்னெண்டு வருஷம்."

"புள்ளையும் கூடவே கீது. ஆனா அது எங்கியும் போக முடியாது," என்றாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.


26 புதன்

சாயங்காலம் அம்மாவோடு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் கெடு. நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவாக ஆரம்பித்தாள்.

"தேனு, ஒண்ணு கேக்கறேன். வெறும் எலை வந்ததே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"நீதானே கட்டின? போகாதன்னு அர்த்தம்."

"அது நான் நெனச்சது. எலையில இன்னா இருந்தது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா, ஆத்தா ஒண்ணும் சொல்லலன்னுதானே?"

என் கையில் கடலை அப்படியே நின்றது.

"நான் சின்னதா ஒரு துளசியாவது வச்சுக் கட்டியிருந்தா ஆத்தா போகாதன்னு சொன்னான்னு எடுத்துக்கலாம். நான் ஒண்ணுமே வைக்கல. வைக்காததை அவ எப்படி எடுத்துக் குடுப்பா? 'நான் இதுல வரல, நீங்களே பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டா. பூசாரிகிட்டயும் கேட்டேன். அப்படியும் சொல்லலாம்னாரு."

பூசாரியிடம் எத்தனை தடவை போய்க் கேட்டாளோ, அவர் எதைச் சொல்லித் தப்பித்தாரோ. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். முழுக்க நம்பிச் சொன்ன மாதிரி இல்லை. நம்பியே ஆக வேண்டும் என்று சொன்ன மாதிரி இருந்தது. வெளியுறவுத் துறைக்கு என்னைவிட அம்மாவை எடுக்கலாம்.

கட்டிப் பிடித்துக்கொண்டேன். "அய்ய, கடலை கொட்டுது, விடு," என்றாள்.

அப்புறம்: "எந்த ஊருன்னு மட்டும் நீயே சொல்லு. அதையும் ஆத்தா தலையில கட்டாத. டில்லின்னா எனக்குக் கொஞ்சம் தேவலாம். கிட்டக்க கீது."

நைனா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவது போல வெளியே போனார். மாட்டுக்கு ஏற்கெனவே நான் காட்டியாயிற்று.


27 வியாழன்

கதவு திறந்ததும் பழைய குழப்பம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. காலை டெ. பத்து மணி ஹா.

மார்லீன் கிளம்பினாள். ஆட்டோ வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில். திரும்பப் பழைய வேலைக்கே போவாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். இங்கே ஆறு மாதம் உட்கார்ந்தும் தெரியவில்லையா? தெரியவில்லை என்பது நன்றாகத் தெரிகிறது என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

ஹா. வந்தால் விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப் போவாளாம். அவள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் இருக்கிறதாம். ஜன்னலுக்கு வெளியே கால்வாய். எனக்கு அந்த ஜன்னல் அப்படியே தெரிந்தது. நான் கோட்டு போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து படிக்கிறேன்.

ஆட்டோவில் ஏறிக்கொண்டு, "சாப்டாச்சா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் அதே.

"ஆச்சு," என்றேன்.

டில்லிக் கடிதத்தையும் ஹா. மெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஹா.வைப் படிக்கும்போது ஜன்னல் தெரிகிறது. டில்லியைப் படிக்கும்போது ஜன்னல் எதுவும் தெரியவில்லை. சுகந்தி பந்தலுக்குப் பின்னால் நின்று கத்துவது தெரிகிறது. எது ஆசை, எது கடமை, எது சும்மா மனசாட்சி? பிரிக்க வரவில்லை.

அவள் சொன்னாள் என்பதற்காகப் போனால் பிறகு அவளையே குறை சொல்வேனோ? ஹாஸ்டல் சப்பாத்தியைத் தின்னும்போதெல்லாம்?


28 வெள்ளி

மேகமூட்டம். காலையில் கரண்ட் இல்லை. பதினொன்றுக்கு வந்தது.

சுகந்தி டவுனுக்கு வந்திருந்தாள், அவள் அம்மாவின் காலுக்கு மாத்திரை வாங்க. எஸ்.டி.டி. பூத்துக்குக் கூடவே வந்தாள். நான் எழுதிய கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஒரு இடத்தில் இங்கிலீஷைத் திருத்தினாள். பேனா மூடியைத் தேடித் தேடி மூடினாள்.

டில்லிக்கு ஃபேக்ஸ். மிஷின் கிறீச்சிட்டுக்கொண்டே காகிதத்தை இழுத்தது. பாதியில் பிடித்து இழுத்துவிடலாமா என்று ஒரு வினாடி கை போனது. பூத்காரர், "ஏம்மா, ஜாம் ஆயிடும்," என்றார்.

அப்புறம் பிரவுசிங் சென்டர். ஹா.வுக்கு மெயில். மன்னிக்கவும், நன்றி, இந்த வருடம் இயலாது. ஜன்னல், கால்வாய், கோட்டு எல்லாம் ஒரே கிளிக்கில் போயிற்று. குழப்பம் தீர்ந்தா அனுப்பினேன் என்றால் இல்லை. தீராமலேயே அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் யாராவது ஹா.தான் சரி என்று அடித்துச் சொன்னால் ஆமாம் என்பேன்.

சுகந்தி பஸ் ஏறும்போது, "நல்லாப் பாத்துட்டு வா," என்றாள். "நீ வர்றப்ப நாங்க இங்க இருப்பமோ, அங்க போயிருப்பமோ." பஸ் எடுத்துவிட்டான். நான் கத்தினேன், எங்க இருந்தாலும் லெட்டர் போடு என்று. கேட்டதா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நந்தியாவட்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நைனா கயிற்றுக் கட்டிலில், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

"எந்தப் பூ?" என்றாள் அம்மா.

"வெள்ளை."

பெரிய மூச்சாக விட்டாள். குடத்தைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாளில் முதல் தடவை. "நல்லாயிரு. கிட்டக்கத்தான் கீது. எத்தினி நேரம் ஆவும் ரயில்ல?"

"மெட்ராஸ்லருந்து ரெண்டு ராத்திரி."

"அந்த ஹாலந்துக்கு?"

"பிளேன்ல ஒரு ராத்திரி."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். என்னைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. அப்ப டில்லிதான் ஜாஸ்தி தூரமா?"